ஓநாய் என்று நினைத்துவிட்டேன்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஐடஹோ எல்லையை ஒட்டி இருக்கிறது லோலோ கணவாய். நவம்பரிலேயே பனி மூடிவிடும் மலைக்காடு அது. 2013 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் தம் மூன்று மாலமூட் நாய்களோடு அங்கே பனிச்சறுக்குப் போனார். அலாஸ்காவில் பனிவண்டி இழுப்பதற்கென்று வளர்த்த இனம் மாலமூட். சாம்பல் முதுகு, வெளிறிய முகம், அடர்ந்த ரோமம். நாயின் கழுத்தில் விளக்கெரியும் பட்டையும் இருந்தது. திடீரென்று துப்பாக்கி வெடித்தது. முதல் குண்டு ஒரு நாயின் காலில் பாய்ந்தது. ‘சுடாதே’ என்று உரிமையாளர் அலறினார். அதன் பிறகும் குண்டுகள் வந்தன. நாய் செத்து விழுந்தது. நடந்ததை உரிமையாளர் பின்னால் இப்படித்தான் விவரித்தார். சுட்டவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஓநாய் என்று நினைத்துவிட்டேன்.

அது ஓநாய் வேட்டைக்கு அனுமதி இருந்த பருவம். அதிகாரிகள் விசாரித்தார்கள், வழக்கு எதுவும் போடவில்லை.

இது தனித்த சம்பவம் அல்ல. 2022 செப்டம்பரில் அதே மாநிலத்தில் கரடி வேட்டைக்குப் போன ஒரு பெண், ஓநாய்க்குட்டி ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதாகப் பெருமையோடு படம் போட்டார். படத்தைப் பார்த்தவர்கள், அது ஹஸ்கி நாய் என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. யாரோ காட்டில் கூட்டமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன நாய்களில் ஒன்று அது. அதன் தோலையும் உரித்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, கிழக்குக் கரையில் கனெக்டிகட் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்ட் ஊரில், வீட்டை விட்டு வெளியே போன இரண்டு ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் அம்பு பட்டு இறந்தன. எய்தவர் அவற்றைக் கயோட்டி என்று நினைத்தாராம். குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவமுள்ள வட அமெரிக்க விலங்கு கயோட்டி. அங்கே பல மாநிலங்களில் அதை ஆண்டு முழுவதும், எத்தனை வேண்டுமானாலும் கொல்லலாம்.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘தெரியாமல் நடந்ததற்கு ஒருவனை என்ன செய்வது?’ என்று ஒன்று கேட்கிறது. ‘சுடுவதற்கு முன் பார்க்க வேண்டாமா?’ என்கிறது மற்றது. வேட்டைச் சட்டத்துக்குள் அடங்குகிற வழக்கு இல்லை இது. அறியாமல் செய்த கொலை பாவமா என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சமயங்கள் தங்களுக்குள் வாதாடி வந்திருக்கின்றன. வியப்பு என்னவென்றால், அந்த வாதங்களில் பலவற்றின் நடுவிலும் ஒரு வேட்டைக்காரன் நிற்கிறான்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பாண்டு காட்டில் ஒரு மான் இணையைப் பார்க்கிறான். இரண்டும் கூடியிருக்கும் நேரம். ஐந்து அம்புகள் விடுகிறான். விழுந்த ஆண்மான் மனிதக் குரலில் பேசுகிறது. அது மான் இல்லை. மான் உருவெடுத்துத் தன் மனைவியோடு கூடியிருந்த கிந்தமர் என்ற முனிவர். பாண்டு தன் பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறான். அரசர்கள் மானை வேட்டையாடுவது வழக்கம், அகத்தியரே செய்திருக்கிறார், என் மேல் என்ன குற்றம் என்கிறான். அதற்கு முனிவர் சொல்லும் பதில்தான் இந்த விவகாரம் முழுவதுக்கும் திறவுகோல். மானைக் கொன்றதற்காக உன்னைப் பழிக்கவில்லை என்கிறார். நான் முனிவன் என்று உனக்குத் தெரியாது, ஆகவே அந்தணனைக் கொன்ற பாவமும் உனக்கு வராது என்கிறார். ஆனால், கூடியிருக்கும் உயிர் என்று கண்ணால் கண்டாய் அல்லவா? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? சாபம் அதற்குத்தான்.

எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பிரிக்கிறார் பாருங்கள். பாண்டுவுக்குத் தெரியாதது ஒன்று, தெரிந்தது இன்னொன்று. தெரியாததற்கு விடுதலை கிடைத்துவிட்டது. தெரிந்ததற்குக் கிடைக்கவில்லை. லோலோ கணவாயில் சுட்டவருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு நாய் என்பது அவருக்குத் தெரியாது, நம்புவோம். எதிரில் இருப்பது உயிருள்ள விலங்கு, அது தன்னைத் தாக்க வரவில்லை, அது என்னவென்று தான் இன்னும் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை, இந்த மூன்றும் அவருக்குத் தெரியும். முதல் குண்டுக்குப் பிறகு ஒரு மனிதர் கத்தினார் என்பதும் உண்மையானால், நான்காவதாக ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘தெரியாது’ என்ற ஒரு சொல் இவை எல்லாவற்றையும் மூடிவிட முடியாது.

அரிஸ்டாட்டிலும் இந்த இடத்தில்தான் தயங்கி நின்று பார்க்கிறார். நிக்கோமாக்கியன் எதிக்ஸ் நூலின் மூன்றாம் பகுதியில், அறியாமையால் செய்த செயல்களை அவர் இரண்டாக வகுக்கிறார். செய்துவிட்டு மனம் வருந்துகிறவனின் செயலைத்தான் அவன் விருப்பத்துக்கு மாறாக நடந்தது என்று சொல்ல முடியும். வருந்தாதவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. குடிபோதையில் செய்த குற்றத்துக்கு இரட்டிப்புத் தண்டனை விதித்த சட்டங்களையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். குடித்தவனுக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம். குடிக்காமல் இருப்பது அவன் கையில்தானே இருந்தது? அறியாமையை நாமே வரவழைத்துக்கொண்டால் அதற்கும் நாமே பொறுப்பு என்பது அவர் கட்சி.

அமெரிக்கச் சட்டம் இதே கேள்வியில் எங்கே போய் நின்றது என்பது வருத்தம் தரும் கதை. அதில் தவறு தலைகீழாக நடந்தது. சுமார் எழுபது ஆண்டுகளாக ஓநாயே இல்லாதிருந்த யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு, 1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பெர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பத்தாம் எண் கொடுத்திருந்த பெரிய ஆண் ஓநாய், தன் இணையோடு பூங்காவைத் தாண்டி மொன்டானாவின் ரெட் லாட்ஜ் ஊர்ப்பக்கம் போயிற்று. ஏப்ரலில் அதை ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்தச் சமயத்தை ஒட்டி அதன் இணை எட்டுக் குட்டிகளை ஈன்றது. பிடிபட்ட மெக்கிட்ரிக் என்பவர் நீதிமன்றத்தில் சொன்னது: காட்டு நாய் என்று நினைத்துவிட்டேன்.

ஜூரி அதை ஏற்கவில்லை; தண்டனை விழுந்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், கொன்றது ஓநாய்தான் என்று குற்றவாளிக்குத் தெரிந்திருந்ததாக அரசு நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் அதற்கு அடுத்த ஆண்டு நீதித் துறையே ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொன்றவர் மேல் வழக்குப் போட வேண்டுமானால், அது இன்ன விலங்கு என்று தெரிந்தே அவர் கொன்றார் என அரசு நிரூபிக்க முடிய வேண்டும். மெக்கிட்ரிக் கொள்கை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 2017இல் அரிசோனாவில் ஒரு நீதிபதி அது செல்லாது என்றார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

இதன் விளைவு என்னவென்று எக்கோவின் கதை சொல்லும். 2014 இலையுதிர்காலத்தில் கிராண்ட் கேன்யனின் வடகரையில் ஒரு பெண் ஓநாய் தென்பட்டது. அந்தப் பகுதியில் ஓநாயைப் பார்த்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வயோமிங்கில் ரேடியோ பட்டை மாட்டப்பட்டு, நூற்றுக்கணக்கான மைல்கள் தன்னந்தனியாக நடந்து வந்த ஓநாய் அது. பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து எக்கோ என்று பெயர் சூட்டினார்கள். டிசம்பர் கடைசியில் யூட்டா மாநிலத்தில் ஒரு வேட்டைக்காரர் அதைச் சுட்டுவிட்டார். கயோட்டி என்று நினைத்தேன் என்றார். மறு ஆண்டு, வழக்கு இல்லை என்று முடிவாயிற்று. கயோட்டி பெரும்பாலும் இருபது கிலோவுக்குள் அடங்கிவிடும். வளர்ந்த ஓநாய் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். உற்றுப் பார்த்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். ஆனால் இந்தச் சட்டச் சூழலில், சந்தேகம் வந்தவருக்குத்தான் ஆபத்து. உற்றுப் பார்க்காமல் சுட்டவர் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம். அறியாமையை மன்னிப்பது கருணை. அறியாமைக்குப் பரிசு கொடுப்பது வேறு காரியம். அரசு ஒன்றைச் செய்யப் போய் மற்றதைச் செய்துவிட்டது.

இதே முடிச்சை இந்தியாவில் பௌத்தரும் சமணரும் அவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் சட்டப் புத்தகங்களை விட ஆழமாகப் போகிறது.

பௌத்தத்தில் வினைக்கு வேர் எண்ணம்தான். தம்மபத உரையில் சக்குபாலர் என்ற பார்வையிழந்த தேரரின் கதை வருகிறது. மழை ஓய்ந்த இரவில் நடை பயின்றபோது அவர் காலடியில் பூச்சிகள் மிதிபட்டுச் செத்தன. மற்ற பிக்குகள் புத்தரிடம் முறையிட்டார்கள். அவர் மிதித்ததை நீங்கள் பார்த்தீர்களா, பார்க்கவில்லையே. அதைப் போலவே அவரும் பூச்சிகளைப் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார் புத்தர். இதைக் கேட்டவுடன் வேட்டைக்காரருக்கு ஆதரவான தீர்ப்பு போலத் தோன்றும். ஆனால் சக்குபாலருக்குக் கண் இல்லை. கொல்லும் எண்ணமும் இல்லை. துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டியவருக்கு இரண்டும் உண்டு; எண்ணம் முழுதாகவே உண்டு. எதைக் கொல்கிறோம் என்பதில்தான் பிசகு.

பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹா இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்பவரைத் திடுக்கிட வைக்கிறது. தெரிந்து தீமை செய்தவனுக்குப் பாவம் அதிகமா, தெரியாமல் செய்தவனுக்கா என்று மிலிந்த மன்னன் கேட்கிறான். தெரியாமல் செய்தவனுக்குத்தான் என்கிறார் நாகசேனர். அப்படியானால் தெரியாமல் தப்புச் செய்த ஊழியனுக்கு நாங்கள் இரட்டைத் தண்டனை கொடுக்க வேண்டுமா என்று மன்னன் மடக்குகிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைத் தெரிந்து தொடுகிறவன், தெரியாமல் பிடிக்கிறவன், யார் கை அதிகம் வேகும் என்று திருப்பிக் கேட்கிறார் நாகசேனர். தெரிந்தவன் பட்டும் படாமல் தொடுவான். தெரியாதவன் இறுக்கிப் பிடிப்பான். நீதிமன்றத்துக்கு இந்தப் பதில் உதவாது. ஆனால் ஒரு மனிதனைப் பற்றி இது ஒன்றைப் பிடித்துவிடுகிறது: தயக்கம் இல்லாத கைதான் முழு வேகத்தோடு செயல்படும். ‘இது ஓநாய்தான்’ என்று முடிவு கட்டிவிட்ட கை, நாய் குரைத்தாலும் ஆள் கத்தினாலும் நிற்பதில்லை.

சமணர்களுக்குப் பௌத்தரின் இந்த எண்ணக் கோட்பாட்டின் மேல் தீராத சந்தேகம். அவர்களுடைய ஆகமங்களில் ஒன்றான சூத்ரகிருதாங்கத்தில் ஆர்த்ரகர் என்பவர் பல சமயத்தாரோடு வாதிடும் பகுதி இருக்கிறது. அதில் பௌத்தர் ஒருவர் சொல்வதாக ஒரு வாதம் வருகிறது. சமணர் எழுதிய நூலில் பௌத்தர் வாயில் வைக்கப்பட்ட வாதம் என்பதை மறந்துவிடக் கூடாது. பிண்ணாக்கை மனிதன் என்று நினைத்துச் சூலத்தில் குத்தினால் கொலைப்பாவம் வரும். மனிதனைப் பிண்ணாக்கு என்று நினைத்துக் குத்தினால் வராது. ஆர்த்ரகர் இதை ஏற்கவில்லை. மனிதனைப் பிண்ணாக்கு என்று எப்படி நினைக்க முடியும்? அடக்கமும் கவனமும் உள்ள ஒருவனுக்கு அந்த எண்ணமே வராது, அப்படிச் சொல்வதே பொய் என்கிறார். தவறாக நினைத்தான் என்பதோடு விசாரணையை முடிக்க அவர் விடவில்லை. அப்படி நினைக்கும் நிலைக்கு அவன் எப்படி வந்தான் என்று கேட்கிறார்.

பின்னால் வந்த உமாஸ்வாதி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் இதை இலக்கணமாகவே வகுத்துவிட்டார். பிரமாதத்தோடு, அதாவது கவனக்குறைவோடும் அடங்காத வேகத்தோடும் செயல்பட்டு உயிரைப் பிரிப்பதுதான் இம்சை. சமண முனிவர்கள் நடக்கும்போது முன்னால் நான்கு முழத் தரையைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்ற விதி இதனோடு சேர்ந்தது. குந்தகுந்தர் இதை இறுதி எல்லைக்கே கொண்டு போகிறார். வந்தவாசிக்குப் பக்கத்தில் உள்ள பொன்னூர் மலையில் பாதம் வைத்து வணங்கப்படுகிறாரே, அந்த ஆசாரியர்தான். அவருடைய பிரவசனசாரம் சொல்வது இது: கவனமில்லாமல் நடப்பவனுக்கு, உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் இம்சை உறுதி, கவனத்தோடு நடப்பவன் காலில் ஓர் உயிர் மாய்ந்தால் அதனால் மட்டும் அவனுக்கு வினைப் பந்தம் இல்லை. தமிழ்ச் சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதங்களிலும் எண்ணம் தூய்மையாக இருந்தால் போதுமா என்ற இந்தச் சண்டையின் சூடு தெரியும்.

குந்தகுந்தருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, அவரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லாத ஓர் ஆங்கிலக் கணித அறிஞர் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். கப்பல் பழையது; பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு எழுகிறது. செலவை எண்ணி, இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, மனப்பூர்வமாக நம்பியே அனுப்பிவைக்கிறார். குடியேறப் போன குடும்பங்களோடு கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார் என்பது உதவாது, அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை என்கிறார் கிளிஃபோர்ட். அடுத்து வருவதுதான் முக்கியம். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? குற்றம் ஒரு துளியும் குறைந்திருக்காது. வெளியே தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் பனிக்காட்டுக்குப் போனால், கேட்க வேண்டியது ‘நாயா, ஓநாயா’ என்பதல்ல. எவ்வளவு நேரம் பார்த்தார், எதைப் பார்த்தார்? பார்க்க நிறையவே இருக்கிறது. மாலமூட்டின் வால் முதுகின் மேல் சுருண்டு நிற்கும். ஓநாயின் வால் நேராகத் தொங்கும். ஹஸ்கிக்கு நீலக் கண் சாதாரணம். வளர்ந்த ஓநாயின் கண் மஞ்சள். ஓநாயின் கால்கள் நீண்டவை, நெஞ்சு ஒடுங்கியது, பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. ஒருவேளை இவையெல்லாம் தூரத்தில் தெரியாமல் போகலாம். உயிரியல் கணக்கில் நாயும் சாம்பல் ஓநாயும் ஒரே இனத்தில் அடங்குகிறவை என்பதால் குழப்பம் வருவது இயல்பும்கூட. ஆனால் தெரியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை வேட்டைக்காரர்களின் சொந்த மரபே சொல்லியிருக்கிறது. இலக்கை உறுதி செய், அதன் பின்னால் இருப்பதையும் உறுதி செய், பிறகே விரலை வை: அமெரிக்காவில் வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போகும் சிறுவனுக்கும் சொல்லித்தரும் பாடம் இது. அதை வாழ்நாள் முழுவதும் வழுவாமல் காத்து, சந்தேகத்தின் பேரில் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிய வேட்டைக்காரர்கள் எண்ணற்றவர்கள். அவர்கள் செய்திகளில் வருவதில்லை.

சட்டம் நினைத்தால் பார்க்கச் சொல்லவும் முடியும். மொன்டானாவில் கருங்கரடி வேட்டைக்கு உரிமம் வாங்க வேண்டுமானால், கருங்கரடியையும் கிரிஸ்லி கரடியையும் வேறுபடுத்திக் காட்டும் தேர்வு ஒன்றில் தேறியாக வேண்டும். காரணம், கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட விலங்கு. தப்பித் தவறிக் கொல்லப்படக் கூடாத உயிர் ஒன்று அங்கே நடமாடுகிறது என்று அரசு நினைத்த இடத்தில் பார்வைக்கும் பரீட்சை வந்துவிட்டது. கயோட்டி விஷயத்தில் நிலைமை நேர்மாறு. இரவில் வெப்பத்தை மட்டும் காட்டும் ஸ்கோப் வழியாகக் கூடப் பல மாநிலங்களில் அதைச் சுடலாம். அந்தத் திரையில் உடம்பு ஒரு வெளிச்சப் புள்ளி. ரோமத்தின் நிறமே தெரியாது. மதிப்பில்லாத உயிர் என்று முன்கூட்டியே முத்திரை குத்திவிட்ட பிறகு, முகத்தைப் பார்க்க யார் மெனக்கெடுவார்கள்? நாய்கள் பலியாவது அந்த முத்திரையால்தான்.

முகம் பார்க்காமல் கொன்ற கதைகளில் இந்தியாவிலிருந்து ஐரோப்பா வரை நடந்து போன கதை ஒன்று உண்டு. தொட்டிலில் இருந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரி, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு வருகிறது. குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று எண்ணித் தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். பஞ்சதந்திரக் கதை. ஐரோப்பாவில் கீரி வேட்டை நாயாக மாறிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில், பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, அப்படிக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்ட கினெஃபோர் என்ற நாயைக் கிராம மக்கள் புனிதராகவே வணங்கினார்கள். நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அதன் சமாதிக்குத் தாய்மார்கள் போனார்கள். எத்தியென் தெ பூர்போன் என்ற டொமினிக்கன் துறவி விசாரிக்க வந்து, எலும்புகளைத் தோண்டியெடுத்து எரிக்கச் செய்தார். அங்கிருந்த மரங்களையும் வெட்டச் செய்தார். வழிபாடு அதோடு அழிந்துவிடவில்லை, பல நூற்றாண்டுகள் ஒளிந்து ஒளிந்து நீடித்தது. திருச்சபை கண்டது மூடநம்பிக்கையை மட்டும். அவசரத்தில் கொல்லப்பட்ட ஓர் உயிருக்குச் செலுத்த வேண்டிய கடன் தீரவில்லை என்ற உணர்வும் அந்த மக்களிடம் இருந்தது என்று தோன்றுகிறது.

அந்தக் கடனைப் பற்றிச் சிலப்பதிகாரம் நேரடியாகவே பேசுகிறது. அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணைக் கணவன் விட்டுவிட்டு வடக்கே போய்விடுகிறான். அவன் எழுதிக் கொடுத்த ஏட்டை வைத்துக்கொண்டு அவள் புகாரின் வணிகர் தெருக்களில் பாவம் தீர்க்க வழி கேட்டு அலைகிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டுக் கேட்டு, பொருள் கொடுத்து, தானத்தால் பாவம் நீங்கச் செய்து, கணவனோடும் சேர்த்துவைக்கிறான். தெரியாமல்தானே செய்தாள், போகட்டும் என்று காப்பியத்தில் யாரும் சொல்வதில்லை. அவளை இரக்கத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனாலும் கடன் கடன்தான். யாராவது அடைத்தாக வேண்டும்.

அதை அடைக்கும் முதல் தவணை எது என்று வால்மீகி காட்டுகிறார். இளவரசன் தசரதன் இருட்டில் சரயு நதிக்கரையில் காத்திருக்கிறான். குடத்தில் நீர் நிறையும் ஒலி யானை முழக்கம்போலக் கேட்கிறது. ஒலி வந்த திசையில் அம்பை விடுகிறான்; பார்க்காமலே குறி தவறாமல் எய்யும் திறமை அவனுக்குப் பெருமை. விழுந்தது, கண் தெரியாத பெற்றோருக்குத் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளை. பிள்ளை இறந்த பிறகு தசரதன் அந்தக் குடத்தில் நீர் நிரப்பிக்கொண்டு பெற்றோர் இருக்கும் இடத்துக்கு நடக்கிறான். காலடிச் சத்தம் கேட்டு, ஏன் மகனே இவ்வளவு நேரம் என்று தந்தை கேட்கிறார். நான் உங்கள் மகன் இல்லை என்று தொடங்கி நடந்ததையெல்லாம் தசரதன் சொல்லிவிடுகிறான். தந்தை சொல்லும் வார்த்தை கடுமையானது: நீயே வந்து சொல்லாமல் இருந்திருந்தால் உன் தலை நூறாயிரம் துண்டாகச் சிதறியிருக்கும், தெரியாமல் செய்ததால் உயிரோடு இருக்கிறாய். அறியாமை உயிரைக் காப்பாற்றிற்று. புத்திர சோகத்தால் நீயும் சாவாய் என்ற சாபத்திலிருந்து அது காப்பாற்றவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி, தன் தவறே இல்லாமல் ஒரு குழந்தையை மோதிவிட்ட லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதினார். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் வருந்துவார்கள். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு வகை. தன் கையால் நடந்தது என்ற வருத்தம் அது. உன் தவறில்லை என்று நாம் தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் நமக்கு ஏதோ உறுத்தும். தசரதன் தேறவேயில்லை. இராமன் காட்டுக்குப் போன பிறகு, சாகும் தறுவாயில், கோசலையிடம் அவன் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நாயைச் சுட்டவரிடம் சமயங்கள் எதிர்பார்ப்பதும் இவ்வளவே: நின்று, உரியவரைத் தேடிப் போய்ச் சொல்வது, நட்டத்தை ஏற்பது, மறுமுறை துப்பாக்கியை எடுக்கும் முன் பார்க்கக் கற்றுக்கொள்வது. நினைத்துவிட்டேன் என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விட்டால் அரிஸ்டாட்டில் கேட்ட வருத்தமும் இல்லை, வால்மீகி கேட்ட வாக்குமூலமும் இல்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. செத்தது நாய் என்று தெரிந்ததும் எல்லோரும் பதறுகிறார்கள். அதே குண்டு நிஜமான ஓநாய் மேல் பட்டிருந்தால் செய்தியே இல்லை. குந்தகுந்தரும் கிளிஃபோர்டும் இந்த வேறுபாட்டை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரியாகப் பார்க்காமல் சுட்டு, அதிர்ஷ்டவசமாக அது ஓநாயாகவே இருந்தது என்றால், கரை சேர்ந்த பழைய கப்பலின் கதைதான் அது. மொன்டானாவில் ஓநாயைச் சுட்டவர் உடனே மாநிலத் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். எங்கே, எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். கிந்தமர் பாண்டுவிடம் கேட்ட ‘கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா’ என்ற கேள்வியைச் சுட்டவர்களிடமும் கேட்கலாம். ராத்திரியில் கன்றைப் பறிகொடுத்த பண்ணைக்காரர் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார், அது கேட்கத் தகுந்த பதிலாகவும் இருக்கும். வார இறுதியில் விளையாட்டுக்காகக் காட்டுக்கு வந்தவர் தம் பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.